முதியவரைப் பராமரிப்பவருக்கும் உதவி உண்டு

இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்யும்போது தரப்படும் படிவத்தில் பெரும்பாலும் ஒரு கேள்வி இருக்கும்: "நீங்கள் ஒரு கெயரரா?" எம்மவர்களில் பலர் "இல்லை" என்றே அடையாளமிடுகிறார்கள். கெயரர் என்றால் சம்பளத்துக்கு, சீருடையுடன் வருபவர் என்பது எமது எண்ணம். மாமியாரைக் குளிப்பாட்டி, சலரோக மருந்து கொடுத்து, இரவில் மூன்று தடவை எழும்பி மலசலகூடத்துக்குக் கூட்டிச் செல்லும் மருமகள் அதைக் கடமை என்றே நினைக்கிறார். சட்டப்படி அவரும் கெயரர்தான்.

பெரியவருடன் வந்து, எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, தனது பிரஷரைப் பார்க்காமலே திரும்பிப் போகும் பெண்களை நான் வாராவாரம் காண்கிறேன். நாரி நோ, நித்திரையின்மை, மனச்சோர்வு எல்லாம் அவர்களுக்கும் உண்டு. பத்து நிமிடச் சந்திப்பில் வைத்தியரும் கேட்பதில்லை. கெயரர் என்று பதிந்திருந்தால் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கும். குளிர்கால புளூ தடுப்பூசியும் இலவசமாகக் கிடைக்கும். மொழிபெயர்ப்பாளரையும் இலவசமாகக் கேட்கலாம். மறதி நோய் வந்தவர்கள் பிற்காலத்தில் கற்ற ஆங்கிலத்தை முதலில் இழந்து தமிழுக்கே திரும்புவதுண்டு. அந்த நேரத்தில் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது நல்லதல்ல.

2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, கெயரரின் தேவைகளை உங்கள் கவுன்சில் தனியாக மதிப்பீடு செய்ய வேண்டும். அம்மாவோ அப்பாவோ "வெளியாள் எங்களுக்கு வேண்டாம்" என்று மறுத்தாலும் உங்கள் உரிமை போகாது. ஆனால் நீங்கள் கேட்க வேண்டும். கேட்காதவரைத் தேடி வந்து சொல்வதற்கு இங்கு ஆளில்லை. இந்தச் சேவையின் பெரிய குறை இதுவென்றே நான் கருதுகிறேன்.

அடுத்தது அட்டென்டன்ஸ் அலவன்ஸ். ஓய்வூதிய வயதை அடைந்து, குறைந்தது ஆறு மாதங்களாகப் பிறர் உதவி தேவைப்படும் ஒருவருக்கு உரியது. சேமிப்பும் சொந்த வீடும் தடையல்ல. அகதி விண்ணப்பம் நிரப்பிய நாட்களிலிருந்தே படிவம் என்றால் எமக்கு ஒரு பயம். எழுதினாலும் "சமாளிக்கிறோம்" என்று எழுதிவிடுகிறோம். அதனாலேயே பல விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுகின்றன. சட்டை போட எவ்வளவு நேரம், இரவில் எத்தனை தடவை எழும்புகிறார், எப்போது விழுந்தார் என்று ஒரு வாரத்துக்குக் குறித்து வைத்து, மோசமான நாட்களையும் எழுதுங்கள். படிவத்தைத் தொலைபேசியில் கேட்டுப் பெற்று, குறித்த காலத்துக்குள் அனுப்பினால், கேட்ட நாளிலிருந்தே பணம் கணக்கிடப்படும்.

இது கிடைத்த பின், வாரம் 35 மணி நேரமோ கூடவோ அவரைப் பார்ப்பவர் கெயரர்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பு உண்டு. அதைச் சிறிது தாண்டினாலும் முழுத்தொகையும் நின்றுவிடும், பின்னர் திருப்பிக் கேட்பார்கள். வேலை செய்பவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு ஒரு வாரம், சம்பளமற்ற பராமரிப்பு விடுமுறை சட்டப்படி உண்டு.

பிள்ளைகள் பொறுப்பேற்று ஸ்பொன்சர் செய்து அழைத்த பெற்றோர், அந்தக் காரணத்தால் மட்டும் அட்டென்டன்ஸ் அலவன்ஸிலிருந்து விலக்கப்படுவதில்லை. முதலில் சட்ட ஆலோசனை பெறுங்கள். ஸ்கொட்லாந்தில் விதிகளும் பெயர்களும் வேறு. படிவம் நிரப்புவதற்கு ஏஜ் யூகே, சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையங்கள் இலவசமாக உதவுகின்றன.