அந்தப் பட்டாளத்துக்கு யார் சோறு போட்டது?

2004ஆம் ஆண்டு பள்ளி விடுமுறை. லெம்பா பெர்த்தாம் பக்கத்துத் தோட்டத்தில் பாட்டியின் லயத்து வீடு. வெளியே கேமரன் மலைக்கே உரிய விடாத மழை. தம்பி ரிங்லெட்டிலிருந்து 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகத்தின் வி.சி.டி. வாங்கி வந்திருந்தான். சின்னப் பெட்டியில் மோர்டோர் எரிந்துகொண்டிருந்தது. கறுத்த மலைகள், நெருப்பைக் கக்கும் சிகரம், சாம்பல் மூடிய வெளி, அதில் எறும்புக் கூட்டம்போல் லட்சக்கணக்கில் அரக்கர் படை.

முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்த பாட்டி, வெற்றிலையை மடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்: "ஏன்மா, புல்லு பூண்டு முளைக்காத ஊரா இருக்கு. இத்தன பேரு பட்டாளத்துக்கு யாரு சோறு பொங்கிப் போடுறா?"

நாங்கள் சிரித்தோம். "கதை பாட்டி, கதை" என்றான் தம்பி.

ஊடகத் துறைப் பட்டப்படிப்பில் 'கற்பனை உலகங்களை எப்படி உருவாக்குகிறார்கள்' என்று ஒரு கட்டுரை எழுத வேண்டி வந்தபோதுதான் மூலப் புத்தகத்தை முழுதாகப் படித்தேன். 1954, 55 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்த நாவல். எழுதிய டோல்கீன் 1916இல் சோம் போர்க்களத்தில் இருந்தவர். மோர்டோரின் குழிகளையும் கருகிய மண்ணையும் படிக்கும்போது அதை மறக்க முடியாது.

மோர்டோரின் வரைபடம் எனக்கு விநோதமாகப் பழக்கப்பட்டதாகத் தெரிந்தது. மூன்று பக்கமும் மலைச்சுவர். உள்ளே வடமேற்கில் கோர்கோரோத் என்ற வறண்ட மேட்டுநிலம். அதன் நடுவே ஓரோட்ருயின் எரிமலை, அடிவாரத்திலிருந்து சுமார் 4,500 அடி. (கடல் மட்டத்திலிருந்து அளந்தால் நம் பிரிஞ்சாங் மலை 6,600 அடிக்கு மேல். நேர்மையான ஒப்பீடு இல்லைதான், ஆனாலும் ஊர்ப் பெருமையை விட மனம் வரவில்லை.) படத்தில் அந்த எரிமலைக்கு முகம் கொடுத்தது நியூசிலாந்தின் நவுருஹோய் மலை. அது கடைசியாக வெடித்தது 1975இல்.

பாட்டிக்கான பதில் தெற்கே இருந்தது. எரிமலைப் புகைக்கு அப்பால் நூர்ன் என்றொரு நிலப்பகுதி. நூர்னென் என்ற உள்நாட்டுக் கடலைச் சுற்றிப் பரந்த வயல்கள். அங்கே அடிமைகள் உழுது விளைவித்ததைத்தான் சௌரோனின் படை தின்றது. கதாநாயகர்களுக்கே அந்த வயல்களைப் பற்றித் தெரியாது என்று ஆசிரியர் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார். படத்தில் அந்த வயல்கள் வரவே இல்லை. இருந்தாக வேண்டும் என்று பாட்டி மட்டும் கண்டுபிடித்துவிட்டார்!

மண் கணக்கும் சரியாகவே இருக்கிறது. எரிமலை வாயை ஒட்டிய நிலம் பாழ். தள்ளிப் போய் விழும் சாம்பலோ காலப்போக்கில் மக்கி, பயிருக்கு நல்ல உரமாகும். ஜாவாவில் எரிமலைச் சரிவுகளிலேயே தேயிலை விளைகிறது. அடிக்கடி சீறும் மெராப்பி மலையடியிலிருந்து விவசாயிகள் நகர மறுப்பதற்கும் அந்த மண் ஒரு காரணம்.

நம் மலை அப்படியில்லை. தீத்திவாங்சா மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. எரிமலைச் சாம்பல் என்றால் தீபகற்பத்துக்கு அது விருந்தாளியாக வந்ததுதான். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா வெடித்தபோது பறந்து வந்த சாம்பல் பேராக்கின் லெங்கோங் பகுதியில் இன்னும் படிந்திருக்கிறது. கேமரன் மலையிலோ, மழை பெய்து பெய்து கருங்கல்லே ஆழமாக இற்றுப்போய்ப் புளிப்பு மண்ணாகிறது. தேயிலைக்கு அது பிடிக்கும். ஆனால் காட்டை வழித்து, சரிவை வெட்டிவிட்டால் அந்த மண் நிற்காது.

நிற்கவில்லை. 2013 அக்டோபர் 23. நள்ளிரவுக்குப் பின் ரிங்லெட் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, கீழே லெம்பா பெர்த்தாமுக்குள் சேற்று வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின. வீடுகளும் வாகனங்களும் சேற்றில் புதைந்தன. நான் அப்போது வானொலியில் புதிது. காலைச் செய்தியில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் குரல் நடுங்கியது. பாட்டியின் லயம் மேட்டில் இருந்ததால் தப்பியது. தொலைபேசியில் கிடைக்க மதியமாகிவிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரிலும் சேறு வந்தது.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது, சேற்றை வாரிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் வங்காளதேசத்தவரும் நேப்பாளியருமாக இருந்தார்கள். நீங்கள் இன்று குடிக்கும் தேநீரையும், சந்தையில் வாங்கும் முட்டைக்கோஸையும் கீழே அனுப்புவதில் அவர்கள் கைக்குப் பெரும்பங்கு உண்டு. ஸ்ட்ராபெரி பண்ணையில் படம் எடுத்துவிட்டுத் திரும்பும் நம் கண்ணில் அவர்கள் தங்கும் தகரக் கொட்டகை படுவதில்லை. நானும் பல வருடம் பார்க்காமல் போனவள்தான்.

பாட்டி வேலையிலிருந்து நின்றபின்னும் லயத்தில் இருக்க முடிந்தது, சித்தப்பா அதே தோட்டத்தில் லாரி ஓட்டியதால். சித்தப்பாவுக்கும் ஓய்வு வயது நெருங்கியபோது வீட்டில் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: எங்கே போவது? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பாட்டி நட்ட கறிவேப்பிலை மரம் கூரையைத் தாண்டி வளர்ந்திருந்தது. அது நிற்கும் மண்ணில் ஒரு சாணும் அவர் பெயரில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நூர்ன் பற்றிப் பாட்டியிடம் சொன்னேன். பல வருடம் கழித்துப் பதில் கொண்டு வந்திருக்கிறேன் என்றதும், வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். வயல்கள், அடிமைகள், எல்லாம் சொன்னேன். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

"அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?"

போர் முடிந்து அரகோர்ன் அரசனாகிறான். அடிமைகளை விடுவித்து, நூர்னென் கடலைச் சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் அவர்களுக்கே சொந்தமாகக் கொடுத்துவிடுகிறான். நல்ல முடிவு என்று நானும் உற்சாகமாகச் சொன்னேன்.

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கிராண்டு எழுதிக் குடுத்தானா, இல்ல வாயால சொன்னானா?"

கோலாலம்பூர் திரும்பியதும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த நிலத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. கிராண்டு பற்றி அதில் எதுவும் இல்லை.