பாட்டாவைக் கேளுங்கள்!

நெய்யூர்ப் பக்கம் தாத்தாவைப் 'பாட்டா' என்பார்கள். 1838-லேயே ஆஸ்பத்திரி கண்ட ஊர் அது. ஆனாலும், சந்தைக்குப் போவதை விட்டுவிட்ட பாட்டாவைக் கேட்டால், "வயசாச்சு, மக்களே!" என்பார். நடக்காவிட்டால் மூச்சு வாங்காதல்லவா? நோய் மறைந்துகொள்ளும்!

முதுமையில் இதய வால்வில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகலாம். ரத்தம் போகும் வழி குறுகும். வழியின் அளவை எக்கோ கருவி காட்டும். வாழ்க்கையின் அளவை?

இதயம் தளர்ந்தவர்களுக்காக அமெரிக்க மருத்துவர்கள் 2000-ல் 23 கேள்விகளை வெளியிட்டார்கள். வால்வு நோயாளிகளிடமும் அவற்றைக் கேட்கிறார்கள். குளிக்க முடிகிறதா? படி ஏற முடிகிறதா? பதில்களுக்கு மார்க் உண்டு. 100 என்றால் நலம். வால்வு மாற்றிய பிறகும் கேட்பார்கள். மார்க் ஏறினால் சிகிச்சை பலித்தது!

வீட்டாரும் கேட்கலாமே: "பாட்டா, போன வருஷம் செய்ததில் இப்போது எதை விட்டுவிட்டீர்கள்?" பதிலை டாக்டரிடம் சொல்லுங்கள்.