சலிப்பு யாருடையது?

(திருமழபாடியில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பக்கத்திலேயே கொள்ளிடம். கோடையில் ஆறு வற்றும்போது மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்பியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். அந்த ஊற்றிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறோம்.

சில மாதங்களுக்கு முன் நம் தெருவில் வெள்ளை வேட்டியைக் கட்டி ‘கூழாங்கல்’ திரையிட்டோம். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கி, 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்ற படம். குடிகாரத் தகப்பனும் பள்ளிக்கூடத்துப் பையனும் கொளுத்தும் வெயிலில் நடக்கிறார்கள். கதை ஏறக்குறைய அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் இளைஞர்கள் பலர் எழுந்து போய்விட்டார்கள். “ஒண்ணுமே நடக்கலையே தோழர்” என்றான் ஒரு தம்பி. படத்தின் முடிவில் ஊற்றில் சுரக்கிற நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளும் காட்சி நீண்டுகொண்டே போகிறது. முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் திரையைப் பார்த்து, “மெதுவா மொள்ளுடி, கலங்கிடப் போவுது” என்றார்.

ஒரே படம், ஒரே தெரு. தம்பிக்கு ஒன்றும் நடக்கவில்லை. பாட்டிக்கு எல்லாம் நடந்துகொண்டிருந்தது. சலிப்பு என்பது படத்துக்குள் மட்டும் இருப்பதல்ல என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

வெகுசன சினிமா நமக்கு ஒரு காலக்கணக்கைப் பழக்கியிருக்கிறது. இடையிடையே பாட்டு, சண்டை, இடைவேளைக்கு முன் ஒரு திருப்பம். அந்தக் கணக்கில் நேரம் நாயகனுக்குச் சொந்தம். அவனுக்காகக் காத்திருப்பவர்களின் நேரம் வெட்டி எறியப்படும். ஆனால் நம் வரலாறே காத்திருப்பின் வரலாறு. கிணற்றில் கை வைக்கக்கூடாத நம் பாட்டிமார்கள், ஊர்க்காரர் யாராவது வந்து தூரத்திலிருந்து ஊற்றும்வரை குடத்தோடு நின்றார்கள். அந்தக் காத்திருப்பை முடித்துவைக்கத்தான் 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். பட்டாவுக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் நம் மக்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தை வெட்டாமல் காட்டும் படம் மெதுவாகத்தான் இருக்கும்.

சைதன்ய தம்ஹானே இயக்கிய ‘கோர்ட்’ (2014) என்ற மராத்திப் படத்தை எடுத்துக்கொள்வோம். சாக்கடைக் குழியில் இறந்துபோன தொழிலாளியைத் தற்கொலைக்குத் தூண்டியது உன் பாட்டுத்தான் என்று ஒரு தலித் பாடகர்மீது வழக்கு. அந்தப் பாத்திரத்தில் நடித்த வீரா சாத்திதார் வாழ்க்கையிலும் அம்பேத்கரியச் செயல்பாட்டாளராக இருந்தவர். கேமரா அசையாமல் நீதிமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. பார்ப்பவருக்குக் கொட்டாவி வருகிறது. வாய்தாவுக்கு அலைந்த நம் மக்களுக்கு அது தெரிந்த கொட்டாவி. தண்டனை தீர்ப்பில் தொடங்குவதில்லை, இழுத்தடிப்பிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை வேகமான படத்தில் சொல்ல முடியாது.

வினோத்ராஜின் அடுத்த படமான ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்டில் திரைக்கு வந்தது. ‘விடுதலை’ பார்த்துவிட்டு நடிகர் சூரிக்காகப் போனவர்களில் பலர் ஏமாந்து திரும்பினார்கள். பின்னணி இசை இல்லை. நாயகி மீனா ஏறக்குறைய பேசுவதே இல்லை. ஒடுக்கப்பட்ட சாதி இளைஞனைக் காதலித்ததால் அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று, ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறார்கள். வழியில் ஒரு மாடு மறிக்கிறது. ஆண்கள் தடுமாறுகிறார்கள், ஒரு சிறுமி வந்து அழைத்துப் போகிறாள். முடிவு என்ன என்று சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது.

ஆணவக்கொலை செய்தித்தாளில் நாலு வரியில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய பகல் எப்படி நீளும்? சொந்தபந்தம் புடைசூழ, டீ குடித்து, வெற்றிலை போட்டு, சிரித்துப் பேசிக்கொண்டே ஒரு பெண்ணின் விருப்பத்தை எப்படி நசுக்குவார்கள்? சாதி பெரும்பாலான நேரம் அரிவாளோடு வருவதில்லை. இப்படிச் சாதாரணமாகத்தான் வருகிறது. அந்தச் சாதாரணத்தைப் பார்த்துத்தான் “ஒன்றும் நடக்கவில்லை” என்கிறோம்.

இங்கே நம்மையும் எச்சரித்துக்கொள்ள வேண்டும். மெதுவாக இருப்பதாலேயே ஒரு படம் நம்முடையதாகிவிடாது. வறுமையை அழகாகப் படம்பிடித்து விழாவுக்கு அனுப்புவதும் நடக்கிறது. வேகமாக இருப்பதாலேயே ஒரு படம் அந்நியமாகிவிடுவதும் இல்லை. பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’, ‘சார்பட்டா பரம்பரை’ இரண்டும் விசிலடித்துக்கொண்டே நம் அரசியலைப் பேசவைத்தன. பகலெல்லாம் களையெடுத்து, சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்கி வந்தவர், ராத்திரி இரண்டு மணி நேரம் பாட்டும் வண்ணமும் கேட்டால் அது அறியாமை அல்ல. உழைத்த உடம்பின் நியாயம். எழுந்துபோன தம்பிகளைப் பார்த்து “ரசனை இல்லாதவர்கள்” என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ரசனை இல்லை என்று சொல்லித்தானே நம் பறையையும் பாட்டையும் ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள்? அதே அளவுகோலை நாம் கையில் எடுக்கக்கூடாது.

ஆகவே இந்த மன்றம் இனி ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ளப் போகிறது. படம் முடிந்ததும் “புரிந்ததா?” என்று கேட்க மாட்டோம். அது வாத்தியார் கேள்வி. “எந்த இடத்தில் சலித்தது?” என்று கேட்போம். அந்த இடத்தில் திரையில் யாருடைய நேரம் ஓடிக்கொண்டிருந்தது என்று சேர்ந்து பேசுவோம். சில நேரம் இயக்குநரின் குறை வெளிப்படும். சில நேரம் நாம் பார்க்கப் பழகாத நம் வாழ்க்கையே வெளிப்படும்.

நாம் யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் கூட்டம் முடிந்த பிறகும் கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார். அந்தப் பொறுமையைத்தான் நாங்கள் அவரிடம் கற்றோம். அடுத்த திரையிடலுக்கு அந்தத் தம்பியையும் அந்தப் பாட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைப்போம்.

ஜெய்பீம்.