எடை, பதற்றம், தூக்கமின்மை: மூன்றும் ஒரே முடிச்சு



காந்திகிராமத்துக்கோ மதுரைக்கோ பஸ் ஏறிப் படிக்கப் போகும் பிள்ளை, இரவு 1 மணி வரை செல்போனோடு விழித்திருக்கிறதா? காலையில் சாப்பிடாமல் ஓடி, மாலையில் புரோட்டாவால் வயிற்றை நிரப்புகிறதா? "குண்டாகிவிட்டாய்" என்று திட்டினால் எடை குறையாது, பதற்றம்தான் கூடும்.

தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும். "போதும்" எனச் சொல்லும் லெப்டின் குறையும். இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் கேட்கும். தூங்காத மனம் சிறு விஷயத்துக்கும் பதறும். பதறிய மனம் மறுபடி தூங்காது.

எனவே தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். இந்த வயதுக்கு 7 முதல் 9 மணி நேரம் தேவை. ஃபஜ்ருக்கு 5 மணிக்கு எழுபவர் இரவு 10 மணிக்குள் தூங்க வேண்டும். இஷாவுக்குப் பிறகு டீ வேண்டாம்; படுக்கும்போது செல்போன் ஹாலில் இருக்கட்டும். காலை உணவைத் தவறவிடக் கூடாது.

160 செ.மீ. உயரமுள்ளவர் 59 கிலோவைத் தாண்டினாலும், 47 கிலோவுக்குக் கீழே போனாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பயமும் தூக்கமின்மையும் இரண்டு வாரம் நீடித்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். "வாழப் பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொன்னால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் போவது ஈமான் குறைவு அல்ல. காய்ச்சலுக்கு மருந்து வாங்குவது போலத்தான்.