வெந்நீர் ஊற்றும் வெள்ளை ஏரியும்: லடாக்கின் தண்ணீர்க் கவலை

பத்துமலைக்கு அருகிலுள்ள செலாயாங் வெந்நீர் ஊற்று, முழங்கால் வலிக்குக் கால் நனைக்கப் போகும் பலருக்குத் தெரிந்த இடம். பக்கத்தில் எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் கிரானைட் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. அவ்வளவுதான்.

இந்தியாவின் வட கோடியில், லடாக்கின் புகா பள்ளத்தாக்கிலும் எரிமலை கிடையாது. ஆனால் அங்கே சூடு அதிகம். இந்திய நிலத்தட்டு ஆசிய நிலத்தட்டோடு மோதி இமயமலை எழுந்த எல்லைக்கோட்டை ஒட்டிய இடம் அது. உயரம் சுமார் 4,400 மீட்டர். அதாவது நமது கினபாலு மலையின் உச்சியை விடவும் மேலே. அந்த உயரத்தில் ஏறக்குறைய 85 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். ஊற்று நீரும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் வெளிவருகிறது. சுற்றிலும் வெள்ளையாக வெங்காரமும் மஞ்சளாகக் கந்தகமும் படிந்து கிடக்கின்றன.

இந்தச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பது பழைய கனவு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1970களிலேயே அங்கே துளையிட்டுப் பார்த்தது. 2021 பிப்ரவரியில் ஓ.என்.ஜி.சி. எனர்ஜி சென்டர், லடாக் நிர்வாகத்துடன் ஒப்பந்தம் செய்தது. முதல் கட்டமாக 1 மெகாவாட் நிலையம் அமைப்பது திட்டம். குளிர்காலத்தில் டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்கும் ஊர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. தோட்டத்து லயன்களில் இரவு மணி பார்த்து அணைந்த ஜெனரேட்டர் விளக்கோடு வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2022 ஆகஸ்டில், துளையிட்ட இடத்திலிருந்து வெளியேறிய நீர் புகா ஓடையில் கலந்தது. வேலை நின்றது. ஆழத்து வெந்நீர் வெறும் தண்ணீர் அல்ல. பாறையிலிருந்து கரைந்த உப்புகளையும் சுமந்து வருகிறது. சூட்டை எடுத்துக்கொண்டபின் இன்னொரு கிணறு வழியாக அதை மறுபடியும் ஆழத்துக்கே அனுப்ப வேண்டும். அதில் தவறினால் ஓடை கெடும். சாங்பா மேய்ப்பர்களின் ஆடுகளும் யாக் மாடுகளும் குடிப்பது அந்த ஓடை நீரைத்தான். விலை உயர்ந்த பஷ்மினா சால்வைக்கான உரோமம் இந்த ஆடுகளிடமிருந்தே கிடைக்கிறது.

புகாவிலிருந்து போலோகொங்கா கணவாயைத் தாண்டினால் சோ கார் ஏரி. பெயருக்குப் பொருள் வெள்ளை ஏரி. தண்ணீர் வெளியேற வழியில்லாததால் ஆவியாகி ஆவியாகி, உப்பு மட்டும் மிஞ்சிய ஏரி அது. ஒரு காலத்தில் மிகப் பெரிதாக இருந்தது என்பதற்குச் சாட்சியாக, பழைய கரைகள் இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே மலைச்சரிவில் படிபடியாகத் தெரிகின்றன. சாங்பாக்கள் முன்பு இங்கே உப்பு அள்ளித் திபெத்துடன் வணிகம் செய்தார்கள்.

சோ கார் சுருங்கியதற்கு வெந்நீர் ஊற்றைக் குறைசொல்ல முடியாது. வறண்ட காலநிலையும் குறைந்த நீர்வரத்துமே காரணம். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சால்டன் கடலிலும் இதே கதைதான். அதன் கரையில் புவிவெப்ப மின்நிலையங்கள் பல உள்ளன. ஆனால் ஏரி வற்றுவது, அதற்கு வந்துகொண்டிருந்த பாசன வடிகால் நீர் குறைந்ததால். வறண்ட ஏரிப்படுகையின் தூசியைச் சுவாசிப்பவர்கள் பக்கத்து வயல்களில் கூலிவேலை செய்யும் குடும்பங்கள்.

சோ காருக்குப் பக்கத்திலேயே ஸ்டார்ட்சபுக் சோ என்ற சிறிய நன்னீர் ஏரி இருக்கிறது. அதன் நீர் உப்பு ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டையும் சேர்த்து 2020இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இணைத்தார்கள். கருங்கழுத்துக் கொக்குகள் கோடையில் இங்கே முட்டையிடுகின்றன. முகாம்களும் பயணிகளும் விட்டுச்செல்லும் உணவுக் கழிவைத் தின்று பெருகிய நாய்கள், அந்த முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடி வருகின்றன.