பழைய மூடி, புதிய நெம்புகோல்

கே.கே. நகரில் பழைய அம்பாசடர் கார் ஒன்றைக் கண்டால், உரிமையாளரின் அனுமதியோடு பானெட்டைத் திறந்து பாருங்கள். 1490 சி.சி.க்கு ஒன்று குறைவான (1489) பழைய எஞ்சினாக இருந்தால், உச்சியில் நீண்ட தகர மூடி தெரியும். மெக்கானிக்குகள் இதை 'டேப்பட் கவர்' என்பார்கள். அதனடியில் எட்டு ராக்கர்கள், அதாவது எட்டு நெம்புகோல்கள், வால்வுகளை அழுத்தித் திறக்கின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால், ஒவ்வொரு வால்வும் 1500 முறை திறந்தாக வேண்டும்!

நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? கேம் 6 மி.மீ. தூக்குவதாக வைத்துக்கொள்வோம். ராக்கரின் விகிதம் 1.4 எனில் வால்வு 8.4 மி.மீ. திறக்கும், 1.5 எனில் 9 மி.மீ. அந்த 0.6 மி.மீ.யால் காற்று சற்றுத் தாராளமாக நுழையும். முனையில் உருளை பொருத்திய ராக்கர் உராய்வையும் குறைக்கும்.

இதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஜி.பி. கார்களில் (1962–1980) இத்தகைய ராக்கர்களைப் பொருத்துவோர் உண்டு. பழைய தோற்றம் கெடாதிருக்க, பழைய மூடியையே மேலே கவிழ்ப்பார்கள். புதிய ராக்கர் பருமனாக இருந்தால் மூடியில் இடிக்குமே! அதற்காகத் தடித்த கேஸ்கெட் வைத்து மூடியைச் சற்று உயர்த்துவார்கள். அது சரியாகப் படியாவிட்டால் எண்ணெய் கசியும். கொதிக்கும் புகைக்குழாயில் சொட்டினால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

இடைவெளி போதுமா? மூடியின் உட்புறம் களிமண் அப்பி, பொருத்தி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுவார்கள். இரண்டு சுற்றில்தான் எட்டு வால்வுகளும் ஒருமுறை திறந்து மூடும். பிறகு மூடியைக் கழற்றி, களிமண் எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.