குழந்தைக்கு பி.பி.யா? காலிலும் அளந்து பாருங்கள்!

'எட்டு வயசுப் பிள்ளைக்கு பி.பி.யா?' என்று வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பினாலும் உப்பைக் குறை, சிப்ஸை நிறுத்து, செல்போனைப் பிடுங்கி வை என்று அறிவுரைகள்தான் வரிசை கட்டும். உடல் பருமனான பிள்ளைகளுக்கு இது சரி. ஆனால், ஒல்லியாக ஓடியாடித் திரியும் சின்னக் குழந்தைக்கு ரத்த அழுத்தம் எகிறினால், பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். பெரும்பாலும் கோளாறு சிறுநீரகத்தில் இருக்கும். தேட மறந்துவிடக் கூடாத இன்னோர் இடம், இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்த ரத்தக்குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கும். மருத்துவர்கள் இதை 'கோஆர்க்டேஷன்' என்கிறார்கள். தலைக்கும் கைகளுக்கும் கிளைகள் பிரிந்த பிறகு, தமனி கீழே இறங்கும் இடத்தில்தான் வழக்கமாக இந்தச் சுருக்கம் வரும். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நடுவில் மிதித்தது போலத்தான். மோட்டார் பக்கம் அழுத்தம் ஏறும். மறுமுனையில் தண்ணீர் சொட்டும். கையில் பி.பி. அதிகம், காலில் குறைவு. சிறுநீரகத்துக்கும் ரத்தம் குறைவாகப் போவதால், அது தன் பங்குக்கு அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிடும்.

இதில் சந்தேகத்தை எழுப்ப பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், மருத்துவரின் விரல்கள் போதும். தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில் நாடியைத் தொட்டுப் பார்ப்பார். அது கை நாடியைவிட பலவீனமாகவோ, ஒரு கணம் தாமதமாகவோ துடித்தால் உஷாராகிவிடுவார். அடுத்து இரண்டு கைகளிலும் ஒரு காலிலும் பி.பி. பார்க்க வேண்டும். பொதுவாகக் காலில் கையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். 20 புள்ளிக்கு மேல் குறைந்தால் சந்தேகம் வலுக்கிறது. எக்கோ பரிசோதனையில் சுருக்கம் தெரிந்துவிடும், தேவைப்பட்டால் சி.டி., எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

சிலருக்கு இடது கைக்குப் போகும் கிளையும் சுருக்கத்தில் மாட்டிக்கொள்ளும். அப்போது இடது கையில் மட்டும் அளந்தால் எல்லாம் நார்மல் போலத் தோன்றும். அதனால்தான் குழந்தைகளுக்கு வலது கையில் அளக்கச் சொல்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பின் 2017 வழிகாட்டுதல், 3 வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை பி.பி. பார்க்கச் சொல்கிறது. கையில் சுற்றும் பட்டையும் குழந்தையின் அளவுக்கானதாக இருக்க வேண்டும். சின்னப் பட்டை இல்லாத பி.பி.யைக் காட்டிவிடும்.

சுருக்கம் கடுமையாக இருந்தால் பிறந்த சில நாள்களிலேயே பால் குடிக்காமல், மூச்சு வாங்கி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். மிதமாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் சத்தமே இருக்காது. அடிக்கடி தலைவலி, மூக்கில் ரத்தம், சில்லென்ற பாதங்கள், ஓடினால் கால் வலி என்று சிலருக்குத் தெரியவரும். கால் வலியை 'வளர்ற வயசு' என்று தைலம் தேய்த்து விட்டுவிடுவதுதான் நம் வீட்டு வழக்கம்.

சிகிச்சை ஒன்றும் புதிதல்ல. ஸ்வீடன் மருத்துவர் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் 1944-லேயே குறுகிய பகுதியை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். இன்று வயதைப் பொறுத்து அறுவை சிகிச்சை, பலூன், ஸ்டென்ட் என்று வழிகள் உண்டு. கண்டுபிடிக்கத் தாமதமானால், சுருக்கத்தைச் சரிசெய்த பிறகும் பி.பி. இறங்காமல் தொடர வாய்ப்பு அதிகம். அதே இடம் மீண்டும் குறுகவும் கூடும். பிள்ளை கல்லூரிக்குப் போனாலும், கல்யாணமானாலும் இதய மருத்துவரிடம் பரிசோதனை தொடர வேண்டும். பழைய ஃபைலையும் பத்திரமாகக் கையில் கொடுத்தனுப்புங்கள்.